மண்டிக் கணக்கு நோட்டில் கொரோனாவை எழுதியபோது

அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். கடலூரில் அப்போது இடம் கிடைக்காததால் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். ஆல்பேட்டை தாண்டி, முள்ளோடையில் மாநில எல்லை கடந்து, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் போனால் முக்கால் மணி நேரம். வேறு எந்த நோயாக இருந்தாலும் ரெண்டு வாரம் தள்ளிப் போடலாம், டயாலிசிஸை அப்படித் தள்ள முடியாது. அதனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டில் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. எந்த நேரத்துக்குப் போவது, யார் கூடப் போவது, வந்த பிறகு யார் யாரை விட்டு விலகி இருப்பது, இதுதான் கேள்வி. இதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் கிடைக்காது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். புள்ளியியல் படித்தவன் இல்லை. சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவது, மாதக் கடைசியில் இருப்பு சரிபார்ப்பது, இருபது வருஷமாக இதுதான் வேலை. மண்டியில் மிச்சமிருந்த ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துவந்து, இடது பக்கம் கடலூர், வலது பக்கம் புதுச்சேரி என்று தலைப்புப் போட்டு ஏப்ரல் முதல் வாரத்தில் எழுத ஆரம்பித்தேன். சாயங்காலம் தமிழக சுகாதாரத் துறையின் புல்லட்டின் வரும், அதில் மாவட்டவாரி அட்டவணை இருக்கும். புதுச்சேரியின் அறிக்கை காலையில் வரும், காலை 10 மணி வரையிலான கணக்கு அது. இரண்டையும் ஒரே தேதியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒப்பிடுவது தப்பு என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை காலை புதுச்சேரி சொல்வதில் பெரும்பகுதி திங்கட்கிழமையுடையது. அன்றிலிருந்து வலது பக்கத்து எண்ணை முந்தைய நாள் தேதியில் எழுதினேன்.

மே 4ஆம் தேதி சாயங்காலம் புல்லட்டினைத் திறந்தபோது கடலூர் வரிசையில் 122 என்று இருந்தது. ஒரே நாளில். அதுவரை மாவட்டத்தில் எண்ணிக்கை அப்படி ஒன்றும் பெரிதாக ஏறியிருக்கவில்லை. அன்று மாநிலம் முழுவதும் 527, சென்னை 266, அடுத்த இடத்தில் நாம். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "என்னடா, எவ்வளவு?" என்றார். நான் சொல்லாமல் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டயாலிசிஸ் நாள் வேறு.

அன்று ராத்திரி மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். அவருடைய ஊரிலிருந்து நிறைய பேர், அப்போது தொற்று பரவியிருந்த சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள். "ஆமாங்க சார், லாரியில வந்தவங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சு டெஸ்ட் எடுத்தாங்க, அந்த ரிசல்ட்டுதான் இன்னிக்கு வந்திருக்கு" என்றார். ஒரு நிமிஷத்தில் அந்த 122க்கு அர்த்தம் மாறிவிட்டது. கடலூர்த் தெருக்களில் ஒரே நாளில் 122 பேருக்குத் தொற்று பரவியதாக அந்த எண்ணைப் படிக்கக் கூடாது. எங்கே போய் வந்தார்கள் என்று தெரிந்த, ஏற்கெனவே தனியாக வைக்கப்பட்டிருந்த ஒரு கூட்டத்தின் முடிவுகள் ஒரே நாளில் கணக்கில் ஏறியிருக்கின்றன. மூன்று நாள் விற்ற சரக்குக்கு ஒரே நாளில் பில் போட்டால் அந்த நாள் வியாபாரம் எகிறியதுபோல் தெரியுமே, அதுதான். பயப்பட வேண்டியது இல்லை என்று சொல்ல வரவில்லை, அவர்கள் தனிமைக்கு முன்னால் வீட்டில் இருந்த நாட்கள் உண்டு, அதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. ஆனால் மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது கை நடுங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பெரிய எண் வந்தால் முதலில் கேட்டுக்கொள்வது, இது எந்தத் தேதியில் நடந்தது என்பதைத்தான். புல்லட்டினில் இருப்பது முடிவு வந்த தேதி. உடம்புக்குள் கிருமி போய், நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்து, அப்புறம் ரெண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு டெஸ்ட்டுக்குப் போய், அதற்கு மேல் ஒரு நாள் ரெண்டு நாளில் முடிவு வருகிறது. அதாவது இன்றைக்கு நாம் பார்க்கும் எண் ஏறக்குறைய பத்து நாளைக்கு முந்தைய ஊர் நிலவரம். இறப்பு எண்ணிக்கை இன்னும் பின்தங்கி வரும், இரண்டு மூன்று வாரம். 2020 ஜூலை 22 அன்று அரசு, விடுபட்டுப்போன 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. அன்று எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளைப் படித்தால் ஒரே நாளில் மாநிலமே சரிந்துவிட்டது என்று தோன்றும். தாமதமாக வந்த ரசீதுகளை ஏற்றும்போது மண்டிப் பேரேட்டில் நாங்கள் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதுவோம், அதையே இங்கும் எழுதினேன்: பழைய தேதி, இன்று பதிவு.

இரண்டாவது கேள்வி, யாருடைய எண் இது. புதுச்சேரி என்று செய்தியில் சொல்லும் மொத்த எண்ணிக்கையில் காரைக்காலும் உண்டு, கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயும் உண்டு, ஆந்திராவில் காக்கிநாடா பக்கத்தில் இருக்கும் ஏனாமும் உண்டு. முள்ளோடையைத் தாண்டிப் போகிற எனக்கு ஏனாமில் என்ன நடக்கிறது என்பது தேவையில்லை. அறிக்கையில் நான்கு பகுதிக்கும் தனித்தனியாக இருக்கும், அதில் புதுச்சேரி வரிசையை மட்டும் எடுக்க வேண்டும். கடலூர் பக்கமும் இதே கதைதான். கடற்கரையில் தேவனாம்பட்டினம் தொடங்கி மேற்கே திட்டக்குடி வரை ஒரே மாவட்டம். நெய்வேலியில் ஏறுவதற்கும் மஞ்சக்குப்பத்தில் ஏறுவதற்கும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை நிறைய வித்தியாசம். பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் சில நாள் ஊர்வாரியாகப் போடுவார்கள், கிடைத்த நாளில் எல்லாம் வெட்டி ஒட்டிவைத்தேன்.

இன்னொரு சிக்கல், கடலூர்க்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போவது காலம்காலமாக இருக்கிற பழக்கம். வீடு கடலூரில், படுக்கை புதுச்சேரியில். தொற்று எண்ணிக்கையை வீட்டு முகவரியை வைத்து எழுதுகிறார்கள், ஆனால் படுக்கை நிரம்புவது மருத்துவமனை இருக்கிற ஊரில். புதுச்சேரியில் தொற்று குறைவாகத் தெரிகிற நாளில்கூட அங்கே படுக்கை நெருக்கடி இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

மக்கள்தொகையையும் கூடவே எழுதி வையுங்கள். 2011 கணக்கெடுப்புப்படி கடலூர் மாவட்டம் 26 லட்சம், புதுச்சேரி மாவட்டம் ஒன்பதரை லட்சம். இரண்டு பக்கமும் தலா 100 பேருக்குத் தொற்று என்று வந்தால் கடலூரில் லட்சத்துக்கு நாலு பேர்கூட இல்லை, புதுச்சேரியில் பத்துக்கு மேல். எங்கள் தெருவில் பலரும் "ரெண்டு ஊரும் சமமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்த நாளில் நான் அப்பாவுடைய நேரத்தைச் சாயங்காலத்திலிருந்து காலை முதல் ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். முதல் ஷிஃப்டில் அறை ராத்திரி முழுக்கக் காலியாக இருந்து கழுவி விட்டிருக்கும், காத்திருக்கும் கூட்டமும் குறைவு. நர்ஸ் அக்கா ஒருத்தர் புரிந்துகொண்டு மாற்றிக் கொடுத்தார். பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் ரொம்ப நாள் தெரிந்தவர் ஆட்டோவிலேயே, ரெண்டு பக்கமும் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காற்றோட்டமாகப் போய் வந்தோம்.

புல்லட்டினில் பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான் கடைசிப் பக்கங்களை விடாமல் படித்தேன். இறந்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் பெயர் இல்லாமல் நாலு வரி இருக்கும். வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், ஏற்கெனவே என்ன நோய், எத்தனை நாளாகக் காய்ச்சல், எத்தனை நாளாக மூச்சுத் திணறல், எந்தத் தேதி சேர்ந்தார், எந்தத் தேதி இறந்தார். 2020 ஆகஸ்டில் அந்தப் பக்கங்கள் நீண்டுகொண்டே போயின. கடலூர், விழுப்புரம் என்று வருகிற வரிகளையும் சிறுநீரகக் கோளாறு என்று வருகிற வரிகளையும் தனியாகக் குறித்தேன். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகுதான் எழுதுவேன், அப்பா கண்ணில் படக் கூடாது என்று. அதில் திரும்பத் திரும்ப ஒன்று கண்ணில் பட்டது: காய்ச்சல் ஐந்து நாள், மூச்சுத் திணறல் இரண்டு நாள், சேர்ந்த மறுநாள் இறப்பு. மூச்சுத் திணறல் வந்த பிறகும் ரெண்டு நாள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். அந்த வாரமே, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கினேன். காலையிலும் ராத்திரியும் அப்பா விரலில் மாட்டி எண்ணை நோட்டில் எழுதுவது, 94க்குக் கீழே ஒரு தடவை இறங்கினாலும் கிளம்பிவிடுவது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். நான் எழுதிய எல்லாவற்றிலும் உபயோகமானது என்று எதையாவது சொல்லச் சொன்னால் இந்த நாலு வரிகளைத்தான் சொல்வேன். பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

2021 மார்ச் கடைசியில் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். குறிஞ்சிப்பாடி அத்தை போன் செய்து, "தம்பி, நீதான் தினமும் எழுதுறியே, போலாமாப்பா?" என்று கேட்டார். நான் நோட்டைப் பார்த்தேன். கடலூர் எண்ணிக்கை ரொம்பச் சின்னது, முந்தைய வருஷம் ஆகஸ்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. "குறைவாத்தான் அத்தை இருக்கு, மாஸ்க் போட்டுக்கிட்டுப் போய்ட்டு வாங்க" என்றேன். அப்பாவை அனுப்பவில்லை, அத்தை போனார். ஆறாம் நாள் காய்ச்சல். பதினொரு நாள் ஆக்சிஜனோடு மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். எண் என்னிடம் பொய் சொல்லவில்லை, நான்தான் அதன் அளவைப் பார்த்தேன், அது போகிற வேகத்தைப் பார்க்கவில்லை. மாநில எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் தொடக்கத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 500. மாதக் கடைசியில் 2,500ஐ ஒட்டி. முப்பது நாளில் ஐந்து மடங்கு, அதாவது பதின்மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பு. அந்த வேகத்திலேயே போனால் மே மூன்றாவது வாரத்தில் எங்கே நிற்கும் என்று மார்ச் 31 அன்றே ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்திருந்தால் 35,000க்கு மேல் என்று வந்திருக்கும். மே 21 அன்று வந்தது 36,184. நடுவில் வேகம் கூடவும் குறையவும் செய்தது, சராசரியாகப் பார்த்தால் அதே பதின்மூன்று நாள். கந்துவட்டிக் கணக்கு தெரிந்த ஊரில், கூட்டு வட்டி எப்படி ஏறும் என்று மண்டிக்கு வருகிற விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு இது தோன்றாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் தினசரி எண்ணை மட்டும் வைத்து முடிவு எடுப்பதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அந்த வாரத்தின் ஏழு நாளையும் கூட்டி, போன வாரக் கூட்டுத்தொகையால் வகுப்பேன். ஏழு நாள் எதற்கு என்றால், ஞாயிறு, பண்டிகை நாட்களில் பரிசோதனை குறையும், அடுத்த ரெண்டு நாள் எண்ணிக்கை சரியும், பிறகு ஏறும். ஏழையும் சேர்த்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். வகுத்து வருவது 1 என்றால் அப்படியே நிற்கிறது, கீழே போனால் இறங்குகிறது. 1.1 என்றால் இரட்டிப்பாக ஏழு வாரம் ஆகும், 1.2 என்றால் நாலு வாரம், 1.4 என்றால் ரெண்டே வாரம். இரண்டு வாரம் தொடர்ந்து 1.2க்கு மேல் போனால், எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஒரு எச்சரிக்கை, வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் என்கிற அளவில் இருக்கும்போது ஒரே குடும்பத்தில் நாலு பேருக்கு வந்தாலே இந்த விகிதம் தாவும். அப்போது ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், கூடவே பக்கத்து மாவட்டமும் அதே பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். விழுப்புரம், கடலூர், புதுச்சேரி மூன்றும் சேர்ந்து திரும்பினால் அது தற்செயல் இல்லை.

எத்தனை பேருக்குச் சோதித்ததில் எத்தனை பேருக்கு வந்தது என்பதையும் விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ரெண்டு வாரம் தொடர்ந்து 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிலைமை கட்டுக்குள் என்று ஒரு அளவுகோல் சொல்லியிருந்தது. 2021 மே நடுவில் மாநிலத்தில் சோதித்த ஐந்து பேரில் ஒருவருக்கு பாசிட்டிவ். அந்த நிலையில் தொற்று எண்ணிக்கை ஏறாமல் நின்றால் சந்தோஷப்பட முடியாது, சோதனைக்கூடம் தாங்குகிற அளவு அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையில் வீட்டிலேயே கிட் வாங்கிச் சோதித்துக்கொண்டவர்கள் பலர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரிந்து மூன்று வீடு.

2021 மே மாதத்தில் நான் தொற்று எண்ணிக்கையையே ஓரம் கட்டிவிட்டுப் படுக்கை நிலவரத்தை எழுதினேன். அரசு இணையதளத்தில் மருத்துவமனைவாரியாக ஆக்சிஜன் படுக்கை, சாதாரணப் படுக்கை, தீவிர சிகிச்சை என்று எத்தனை காலி என்று போட்டிருந்தார்கள். அதில் காலி எண்ணிக்கைக்கு முன்னால், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற நேரத்தைப் பாருங்கள். காலையில் போட்டதை வைத்துக்கொண்டு ராத்திரி ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போய் வாசலில் நிற்கக் கூடாது. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், பக்கத்தில் இன்னும் ரெண்டு இடத்தின் நம்பரும் கையில் இருக்க வேண்டும். மண்டித் தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு ஒரு ராத்திரி இப்படித்தான் நாலாவது போனில் இடம் கிடைத்தது.

எழுதியதை எடுத்து வைப்பதும் முக்கியம். தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளத்தை நானும் ரொம்ப நம்பியிருந்தேன், மாவட்டவாரியாகத் தேதி தேதியாக எல்லாம் அதில் இருந்தது. 2021 அக்டோபர் 31க்குப் பிறகு புதுப்பிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள், அத்தனை மாதம் சம்பளமில்லாமல் செய்ததே பெரிது. ஆனால் இணையத்தில் இருப்பது எப்போதும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று புரிந்தது. அதற்குப் பிறகு புல்லட்டின் பிடிஎஃப் ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சேமித்தேன்.

அப்பாவுக்குக் கடைசி வரை கொரோனா வரவில்லை. 2023 ஆடியில், இதயம் நின்று, தூக்கத்திலேயே போனார். நோட்டை மூடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது, ரெண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் கரையோரம் எல்லாம் மூழ்கியது. தண்ணீர் வடிந்து, தெருவில் உடைந்த தொட்டியும் தேங்காய் ஓடும் டயரும் கிடந்தபோது, காய்ச்சல் கணக்குக்காகக் காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. டெங்குவில் முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள், கடித்த பிறகு காய்ச்சல் வர நாலு முதல் பத்து நாள், அதற்கு மேல் ரத்தப் பரிசோதனை. மருத்துவமனை எண் நம் கைக்கு வரும்போது மூன்று வாரம் ஓடிவிட்டிருக்கும்.

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பெண் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் டார்ச்சும் ஒரு நீளத் தாளும். எங்கள் வீட்டு மாடித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டை இழுத்துக் காட்டினார். அதில் நெளிந்துகொண்டிருந்தன, நூல் முனை போல ஏழெட்டு. நான் துடைத்துக் கவிழ்த்து வைக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார்.

"அக்கா, இன்னிக்கு எத்தனை வீடு பார்த்தீங்க, எத்தனை வீட்டுல புழு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அம்பது வீடுங்க. உங்களதோட சேர்த்து ஆறு" என்றார். "எதுக்குக் கேக்குறீங்க?"

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டு, 50, 6 என்று எழுதிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை இதே தெருவுக்கு வருவதாகவும் அன்றைக்கும் எண்ணிக்கையைச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டினார்.